கூட வந்தவர்

நாலு மணி நேரம்

டயாலிசிஸ் என்றால் நாலு மணி நேரம் என்று டாக்டர் சொல்வார். அது மிஷினின் கணக்கு. ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, வடிகட்டிக்குள் ஓடி, திரும்ப உடம்புக்குள் போய்ச் சேர ஆகும் நேரம். கூடப் போகிறவரின் கணக்கு வேறு.

புதுப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். காலை ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே எழுந்து இட்லி கட்ட வேண்டும். காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட், போர்வை, துண்டு எல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்ததும் எடை, பிரஷர், கையெழுத்து. முடிந்த பிறகு ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எழுந்தால் தலை சுற்றுகிறதா, கெண்டைக்காலில் சதை பிடித்து இழுக்கிறதா என்று பார்த்து, உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸாகப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். வந்ததும் அவர் படுத்துவிடுவார். வீட்டு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் இப்படி. மீதி நாலு நாளும் அடுத்த முறைக்கான தயாரிப்பில் போகும்.

மாமாவுக்காக அக்கா இதைச் செய்கிறாள். மாமா அவள் கணவர், நான் அவள் தம்பி. சில நாள் கூடப் போயிருக்கிறேன். அந்த நாட்களில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவை இவை.

பெஞ்சு

உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், ஒரு மிஷின், ஒரு ஃபைல். வெளியே இருப்பவர்களுக்கு ஃபைல் கிடையாது. சிஸ்டர் கதவைத் திறந்து நோயாளியின் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்பார். யாராவது எழுந்து போவார்கள். இத்தனை காலப் பழக்கத்துக்குப் பிறகும் அந்த வராந்தாவில் அக்காவைக் கூப்பிடுவது மாமாவின் பெயரால்தான்.

வாயலூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு அம்மா உதிரிப்பூ வாங்கி வந்து கட்டுவார். நாலு மணி நேரத்தில் எத்தனை முழம் கட்டலாம் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். திரும்பிப் போகிற ஆட்டோ காசு அதில் வந்துவிடும். மகனுக்காக வரும் பெரியவர் ஒருவர் நாளிதழை டெண்டர் விளம்பரம் வரை படிப்பார், பிறகு அதையே விரித்துப் படுப்பார். கைக்குழந்தையோடு வரும் இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். அந்தக் குழந்தை பெஞ்சில் மடி மாறி மடி மாறி வளர்கிறது.

"இன்னிக்கு எவ்ளோ ஏறியிருக்காரு?"

"ரெண்டரை."

"எங்க வீட்டுக்காரரு மூணு. நேத்து மோர் குடிச்சிட்டாரு, சொல்ல மாட்றாரு."

ஏறுவது எடை. போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவே உடம்பில் தங்கிய தண்ணீர், கிலோவில். பெஞ்சில் இருப்பவர்களுக்கு அடுத்தவர் ஊரும் சாதியும் தெரியாமல் போகலாம். அடுத்தவர் புருஷனின் டிரை வெயிட், அந்தத் தண்ணீர் போன பிறகு இருக்க வேண்டிய எடை, தெரியும்.

பஸ்ஸில் இடம் போட்டு வைப்பதும், ஒருவர் டீ குடிக்கப் போனால் இன்னொருவர் கதவைப் பார்த்துக்கொள்வதும், பழைய மாத்திரை அட்டையைக் காட்டி மலிவாகக் கிடைக்கும் கடையைச் சொல்லிக்கொடுப்பதும் இங்கே நடக்கின்றன. யாரும் ஆறுதல் சொல்லிக்கொள்வதில்லை. ஆறுதல் என்று நான் பார்த்ததெல்லாம் இந்தச் சின்னக் கொடுக்கல் வாங்கல்தான்.

உள்ளே ஒரு கட்டில் காலியானால் வெளியே ஒருவர் வராமல் போவார். இறந்தவருக்குப் பதில் புதிய நோயாளி வந்துவிடுவார். பெஞ்சில் இருந்தவர் தன் மனிதரோடு சேர்த்து இந்தக் கூட்டத்தையும் இழக்கிறார். வாரத்தில் மூன்று நாள் எங்கே போவது என்று தெரியாத உடம்போடு அவர் வீட்டில் இருப்பார் என்று நினைக்கிறேன். அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. கல்நெஞ்சு காரணமில்லை. அடுத்தது தன் வீடோ என்ற பயம்.

தண்ணீர்

முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான். சிறுநீரே போகாதவருக்கு அரை லிட்டரை ஒட்டித்தான் நாள் முழுக்க. காபி, ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள். ஒரு முறை டயாலிசிஸ் செய்ய மிஷினுக்கு மட்டும் சுத்திகரித்த தண்ணீர் ஏறத்தாழ 120 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நாலு மணி நேரம் ஓடிக் கழிவோடு வெளியே போகும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சித்திரை மாதம் பஸ்ஸில் போய்ப் பார்த்தால் அந்த அரை லிட்டரின் கஷ்டம் புரியும். கடப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை இளநீர், நுங்கு, தர்பூசணி. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது தேங்கினால் இதயத் துடிப்பே நின்றுபோகும். நுங்கும் தர்பூசணியும் தண்ணீர்க் கணக்கில் அடிக்கும். கருவாட்டில் உப்பு, உப்பு தாகத்தைக் கிளப்பும். கடலோர வீட்டில் கருவாடு வறுக்கும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வருவதை எந்தப் பத்தியம் தடுக்கும்?

அக்கா காய்களைச் சின்னச் சின்னதாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறாள். பொட்டாசியம் கொஞ்சம் இறங்கும். ருசியும் இறங்கும். முருங்கைக்கீரை, வாழைப்பழம், தக்காளி வீட்டுக்குள் வருவதில்லை. தனியாகச் சமைக்கச் சோம்பி அவளும் அதையே சாப்பிடுகிறாள். நோயில்லாத ஒருத்தி நோயாளிச் சாப்பாட்டில் வாழ்கிறாள் என்பதை எந்த டாக்டரும் எழுதி வைப்பதில்லை.

பெஞ்சில் ஒருவர் செய்யூர்ப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவரின் மனைவி. சிறுநீரகம் கெடுவதற்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் பெரிய காரணங்கள். ஆனால் வெயிலில் நீரில்லாமல் உழைப்பவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைத் தமிழ்நாட்டு உப்பளங்களில் நடந்த ஆய்வுகளும் சுட்டிக்காட்டியிருக்கின்றன. அந்த அம்மா சொன்னார்: "அங்க தண்ணி குடிக்க நேரமில்ல. இப்ப குடின்னு சொல்ல ஆள் இல்ல." குடிக்காதே என்று சொல்லும் வேலை இப்போது அவருடையது. வீட்டில் எல்லோர் கோபமும் அந்தச் சொல்லைச் சொல்கிறவர் மேல்தான் விழும். பானைக்குப் பக்கத்தில் நிற்கும் காவல்காரியைப் புருஷன் எப்படிப் பார்ப்பான்?

கை

மாமாவின் இடது கையில் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ப்ரெஷா, சிமினோ என்ற மருத்துவர்கள் 1966இல் வெளியிட்ட முறை. உலகம் முழுக்க இன்றும் இதுதான் முதல் தேர்வு. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதன்மேல் தலை வைத்துத் தூங்கக் கூடாது. தையல் போட்ட இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும். அது நின்றால் வழி அடைத்துவிட்டது என்று பொருள். உடனே ஓட வேண்டும்.

அக்கா இரவில் எழுந்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்ப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவர் கையைப் பிடித்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. இப்போது தினமும் பிடிக்கிறாள். அது அன்பா, சோதனையா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. இரண்டும் ஒரே விரலில் இருக்கின்றன.

திங்கள் இரவு

சனிக்கிழமை முடிந்தால் அடுத்தது செவ்வாய். இடையில் இரண்டு முழு நாள். வாரத்தின் அந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகுதான் மரணமும் அவசர சிகிச்சையும் கூடுகின்றன என்று 2011இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நம் ஊரில் பணமும் தூரமும் காரணமாக வாரத்துக்கு இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. அவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளம்.

அக்கா ஆய்வு படித்தவள் அல்ல. திங்கள் இரவு தலையணையை உயர்த்தி வைப்பாள். அவர் மூச்சின் சத்தம் மாறுகிறதா என்று கேட்டபடி படுத்திருப்பாள். கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவாள். இந்தப் படிப்பை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயம் சொல்லிக்கொடுத்தது. தன் பிரஷரை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று கேட்டேன். "அதுக்கு இன்னா, இருக்கும்" என்றாள்.

கேள்வித்தாள்

நர்சிங் படிக்கும் ஒரு பெண் ஒரு நாள் காகிதத்தோடு வந்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கும் கேள்விகள். இப்படி அளப்பதைப் பரவலாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டீவன் ஸாரிட். 1980இல் அவரும் கூட்டாளிகளும் மறதி நோயாளிகளின் குடும்பத்தாருக்காக 29 கேள்விகள் வகுத்தார்கள். பிறகு அது 22 ஆகி, உலகின் பல மொழிகளுக்கும் பல நோய்களுக்கும் போனது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண், மொத்தம் 88. உனக்கென்று நேரம் இருக்கிறதா, கோபம் வருகிறதா, உடம்பு கெட்டதா, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்ற வகையில் போகும்.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் தாளும் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1990களில் உருவாக்கியது. அதற்காகப் பல நாடுகளில் தேர்ந்தெடுத்த களங்களில் நம் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். உடம்பு, மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நாலு பகுதி.

அந்தப் பெண் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று கேள்விகளைப் படித்தாள். அக்கா எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் இல்லம்மா" என்றாள். கோபம் வருமா? இல்லை. களைப்பு? இல்லை. கடைசியில் அக்கா திருப்பிக் கேட்டாள்: "உனக்கு எத்தன மார்க் வேணும், சொல்லு, போட்டுக்க." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

கேள்விகளில் குறையில்லை. கேட்ட இடம்தான் தவறு. பிறகு டீக்கடையில் அக்கா தானாகவே பேசினாள். போன வாரம் அவர் ஒளித்து வைத்து ஊறுகாய் தின்றதைப் பார்த்தபோது தட்டைப் பிடுங்கி எறிந்ததைச் சொன்னாள். எறிந்த பிறகு அழுததையும், அழுத பிறகு அந்தத் தட்டைத் தானே கழுவி வைத்ததையும் சொன்னாள். "நானாவது முன்னாடி போயிடணும்னு ஒரு நாள் நெனச்சேன். அப்புறம் இவர யார் பாப்பாங்கன்னு நெனச்சேன்." இதற்கு எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவி இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் அவள் தாளில் எல்லா விடையும் மாறியிருக்கும்.

மலை

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துக்கு அடிக்கடி போவேன். அர்ஜுனன் தபசு முன்னால் கூட்டம் நிற்கும். இங்கே கொஞ்சம் குறைவு. இங்கே இருப்பது பல்லவர் காலத்துப் பாறைச் சிற்பம். முன்னால் இருக்கும் தூண் மண்டபம் பிற்காலத்தில் விஜயநகரக் காலத்தில் கட்டியது. கோவர்த்தன மலையைக் கிருஷ்ணன் ஒரு கையால் தாங்குகிறான். அதன் நிழலில் ஆயர்பாடி தன் வேலையைப் பார்க்கிறது. ஒருவன் பசுவிடம் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருத்தி தலையில் சுமையோடு நடக்கிறாள். ஒருவன் குழந்தையைத் தோளில் வைத்திருக்கிறான். பலராமன் ஒரு பெரியவரை அணைத்தபடி நிற்கிறான்.

மலைக்குக் கீழே பால் கறக்க முடிகிறது என்பதுதான் அந்தச் சிற்பத்தின் பெருமை. தாங்குகிற கை தளர்ச்சியே காட்டாததால்தான் கீழே இருப்பவர்களால் மேலே பார்க்காமல் இருக்க முடிகிறது. எங்கள் வீட்டிலும் அக்கா தாங்குவதால்தான் பிள்ளை கல்லூரிக்குப் போகிறான், மாடியில் துணி காய்கிறது, நான் வேலைக்குப் போய் வருகிறேன். நாங்கள் யாரும் மேலே பார்ப்பதில்லை.

ஆனால் கதையில் அவனுக்கு ஏழு நாள்தான். மழை நின்றது, மலையைக் கீழே வைத்தான். அவன் கடவுளும்கூட. டயாலிசிஸில் கீழே வைக்கும் நாள் என்று ஒன்று குறித்துக் கொடுப்பதில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நிற்கும், இல்லையென்றால் மரணத்தோடு நிற்கும். 'இது எப்போது முடியும்' என்று நினைக்கத் தொடங்கியதுமே எதை நினைக்கிறோம் என்று தெரிந்து அக்கா நாக்கைக் கடித்துக்கொள்வாள். களைத்தவர் எல்லோருக்கும் ஓய்வை ஆசைப்படும் உரிமை உண்டு. இவளுக்கு அந்த ஆசையே பாவமாகத் தெரிகிறது. சுமையின் எடையைவிட இது கனமானது என்று நினைக்கிறேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நிற்கும்போது அக்கா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எனக்கு அந்த ஊரில் இன்னொரு வீடும் நினைவுக்கு வரும். 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது ஹிதேந்திரன் இந்த ஊர்ப் பிள்ளை. பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவரும் டாக்டர்கள். மகனின் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தை விலக்கிப் பதினொரு நிமிடத்தில் ஒரு சிறுமியிடம் போய்ச் சேர்ந்ததை ஊரே பேசியது. அவன் சிறுநீரகங்களும் கொடுக்கப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வரிசைப்படி பகிரும் தமிழக அரசின் திட்டம் தொடங்கியது. 2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு கொடுப்பவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

மாமாவின் பெயரும் அந்த வரிசையில் இருக்கிறது. வரிசையில் இருப்பது என்றால் போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு நொடி நெஞ்சு நிற்பது. அந்த அழைப்பு வந்தால் இன்னொரு வீட்டில் ஒருவர் போயிருப்பார் என்பதும் அக்காவுக்குத் தெரியும். அதனால் சாமியிடம் கிட்னி வேண்டும் என்று கேட்பதில்லை. "நல்லது பண்ணு" என்பதோடு நிறுத்திவிடுகிறாள்.

அவள் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தாள். அவளுக்கே பிரஷர் இருப்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். அன்று அவள் முகத்தில் இருந்தது ஏமாற்றம் மட்டும் இல்லை. அதை நான் எழுதிவிடுகிறேன், அவள் சொல்ல மாட்டாள். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெருங்கிய உறவினர் பட்டியலில் மனைவி உண்டு, மனைவியின் தம்பி இல்லை. நான் கொடுப்பதென்றால் அனுமதிக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். இந்தியாவில் உயிரோடிருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பான்மை ஆண்கள். காவல், சமையல், கண்விழிப்பு எல்லாம் கொடுத்த பிறகு உடம்பிலிருந்தும் கொடுப்பது யார் என்ற கேள்வி வரும்போதும் வீடு முதலில் அவள் பக்கம்தான் திரும்புகிறது.

வீட்டுக்கே வரும் பை

வயிற்று வழி டயாலிசிஸ் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய். இரண்டு லிட்டர் திரவப் பையை ஏற்றி, சில மணி நேரம் உள்ளே வைத்திருந்து, இறக்கிவிட வேண்டும். நாளுக்கு மூன்று நாலு தடவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. செங்கல்பட்டு பஸ் வேண்டாம், பெஞ்சு வேண்டாம்.

பெஞ்சிலிருந்து அப்படி மாறிப்போன ஒரு அம்மாவைப் பார்த்தேன். பயணம் நின்றதில் அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் இப்போது அறைக்கதவைச் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முகமூடி கட்ட வேண்டும். ஒரு கிருமி உள்ளே போனால் வயிற்றுக்குள் சீழ். "முன்ன சிஸ்டர் பண்ணது இப்ப நான் பண்றேன். லீவுதான் யாரும் குடுக்கல" என்றார்.

டயாலிசிஸ் பழக்கத்துக்கு வந்த காலத்திலிருந்தே கதை இப்படித்தான். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கைக்குழாயைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒருவரைத் திரும்பத் திரும்ப மிஷினில் போட முடிந்தது. மிஷின்கள் குறைவு. யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஒரு குழு வைத்தார்கள். குழு இடம் தராத ஒரு பள்ளி மாணவிக்காக 1964இல் பொறியாளர்கள் வீட்டில் வைக்கும் மிஷின் ஒன்றைச் செய்தார்கள். அதை இயக்கக் கற்றுக்கொண்டவர் அவள் தாய். வீட்டு டயாலிசிஸ் வரலாற்றில் முதல் டெக்னீஷியன்களில் ஒருவர் சம்பளம் வாங்காத அம்மா.

புகழ்

"உன்ன மாதிரி யாரால முடியும்?" ஊரில் அக்காவிடம் எல்லோரும் சொல்வது இது. சாவித்திரி என்பார்கள், தெய்வம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் முடியவில்லை என்று சொல்வதற்கான வாயை இந்தப் புகழ் அடைத்துவிடுகிறது. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்கலாமா?

புகழோடு நிறுத்தாத இடங்களும் உண்டு. பிரிட்டனில் 1976இல் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியபோது மணமான பெண்களுக்குக் கிடையாது என்றார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது வாதம். ஒரு பெண் வழக்காடி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகு 1986இல்தான் அது மாறியது. பக்கத்தில் கேரளத்தில் படுத்த படுக்கையானவர்களை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் மாதம் ஒரு சிறு தொகை உண்டு. தொகை சிறிது. ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒரு ஆள் இருப்பதை அரசு தாளில் எழுதியிருக்கிறது.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் செலவைத் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் இந்தப் பெஞ்சில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அக்கா போன்றவர்களுக்கு அது மாதக் கணக்கில் தெரிகிறது. ரயிலில் டயாலிசிஸ் நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் சாதாரண வகுப்புகளில் முக்கால் பங்கு சலுகை. கூடப் போகிறவரை எண்ணிக்கையில் சேர்த்த அபூர்வமான அரசு விதி அது. எங்கள் புதுப்பட்டினத்துக்கு ரயில் இல்லை.

செவ்வாய்

செவ்வாய்க்கிழமைகளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்குத் தெரியாது, ஊசி எடுத்த அப்புறம் அவரு உடனே எழுந்துடுவாரு." மாமாவும் ஒத்துக்கொள்ளவில்லை. மச்சான் முன்னால் வாந்தி எடுக்க அவருக்குக் கூச்சம்.

முதல் செவ்வாய் அவள் வீட்டில் இருந்துகொண்டு போனிலேயே கூட வந்தாள். ஏறிட்டீங்களா, எடை எவ்ளோ, இட்லி சாப்ட்டாரா, பஞ்ச நல்லா அமுக்கு. அன்று அவள் ஓய்வெடுத்ததாகச் சொல்ல முடியாது. பழகாத கைக்கு ஓய்வும் ஒரு வேலைதான். அடுத்தடுத்து அழைப்புகள் குறைந்தன. ஒரு செவ்வாய் போனே வரவில்லை. திரும்பி வந்தபோது தெருவில் ஒரே சத்தம். குழாயடியில் யாரோ இவள் குடத்தை நகர்த்திவிட்டார்களாம். அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஆட்டோவிலிருந்து இறங்கி அதைப் பார்த்து, "பழைய ஆளு திரும்பிட்டா" என்றார். வாழ்க்கைத் தரத் தாளின் 26 கேள்வியில் இது எந்தப் பகுதியில் வரும் என்று அந்த மாணவியைக் கேட்க வேண்டும்.

மாமாவைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். பெஞ்சிலிருந்து பார்த்தால் அவர் தாங்கப்படுகிறவர் மட்டுமாகத் தெரிவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு செவ்வாயில் அவர் சொன்னார்: "என்னால அவளுக்கு இவ்ளோ கஷ்டம்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கும் காது கேக்குது." அதற்குப் பிறகு அவரே தன் எடையை நோட்டில் எழுதத் தொடங்கினார். காலையில் அளந்து ஊற்றிய பாட்டிலிலிருந்து தானே குடித்து, மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார். இப்போது தண்ணீர்ப் பானைக்குக் காவல் வேண்டியதில்லை. ஊறுகாய் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

கிழமை

இவ்வளவு எழுதியும் எதுவும் தீரவில்லை. வியாழனும் சனியும் அக்காவுடையதுதான். மாமாவின் அண்ணன் மகன் மாதத்தில் ஒரு சனி வருவதாகச் சொல்லியிருக்கிறான், வந்தால் வருவான். அவள் பிரஷர் மாத்திரை போடத் தொடங்கியிருக்கிறாள். திங்கள் இரவு இன்னும் தூங்குவதில்லை.

சமாளிப்பது என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெஞ்சில் பார்த்த வரையில் மனத்திடம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. அங்கே குறைவாக இருப்பது ஆள். நோய் இருக்கும்வரை இந்த வேலைகளும் இருக்கும். அவற்றையெல்லாம் ஒரே ஒருத்தி செய்ய வேண்டும் என்பது நோய் போட்ட விதி இல்லை, நாம் போட்டது.

வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறார்கள். பாதியை அவர் சாப்பிடக் கூடாது. "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லி அக்காவுக்கு அலுத்துவிட்டது. வெறுங்கையோடு வந்தாலும் சரி, எந்தக் கிழமை நான் போகட்டும் என்று கேட்டால் போதும்.